மெட்ரிக் பட்டியலில் பெயர் இல்லாத பள்ளி: சிறப்புப் பள்ளியின் எண்களைப் படிக்கும் விதம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது. வேலைக்காகக் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து மூன்று ஆண்டு ஆகிறது. பத்து வயது மகன் சாதாரணப் பள்ளியில் தடுமாறுகிறான். சாட்ஸ்வொர்த் பக்கம் உள்ள ஓர் அரசு சிறப்புப் பள்ளியில் இடம் தரலாம் என்று மாவட்ட அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியைப் பார்க்கப் போனபோது கொடுத்த தாளில் மொத்தம் 240 பிள்ளைகள், அவர்களில் 165 பேர் ஆண், இந்தியப் பிள்ளைகள் கால்வாசி. வகுப்புக்குப் பொருந்தாத வயதில் பலர். தேர்ச்சி விழுக்காடு எங்குமே இல்லை, மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) பட்டியலில் பள்ளியின் பெயரும் இல்லை. "இங்கே சேர்த்தால் பையனின் படிப்பு அதோடு முடிந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த எண்கள் பள்ளி மோசம் என்று காட்டுகின்றனவா என்பது ஒன்று. பள்ளி உங்கள் மகனுக்குப் பொருந்துமா என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தாளை வைத்தே பதில் சொல்லிவிடலாம்: காட்டவில்லை. இரண்டாவதைப் பையனைப் பார்க்காத யாரும் தீர்மானிக்க முடியாது. அதை யாரிடம், எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று மட்டும் சொல்கிறேன்.

தேர்ச்சி ஏன் இல்லை என்பதிலிருந்து தொடங்குவோம். தென்னாப்பிரிக்காவில் "அரசு சிறப்புப் பள்ளி" என்ற ஒரே பலகைக்குப் பின்னால் நான்கு விதமான படிப்பு நடக்கலாம். சாதாரணப் பள்ளிகளில் 2012 முதல் படிப்படியாக வந்த கேப்ஸ் பாடத்திட்டத்தையே, கூடுதல் உதவியோடும் மெதுவான வேகத்திலும் நடத்துவது ஒன்று. கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக அதே கேப்ஸை எளிதாக்கி அமைத்த பாடத்திட்டம் இரண்டாவது. பதினான்கு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்குக் கொத்து வேலை, வெல்டிங், சமையல், முடிதிருத்தம் போன்றவற்றைக் கற்றுத்தரும் தொழிற்கல்விப் பிரிவு மூன்றாவது. மிகக் கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு உண்பது, உட்காருவது, தேவையைத் தெரிவிப்பது முதலானவற்றைப் பழக்கும் கற்றல் திட்டம் நான்காவது. இவற்றில் முதலாவது மட்டும்தான் நேரே மெட்ரிக்கில் போய் முடியும். நீங்கள் பார்த்த பள்ளி இரண்டாவதையும் மூன்றாவதையும் நடத்துகிறது என்றால், மெட்ரிக் பட்டியலில் அதன் பெயர் வர வழியே கிடையாது. அதைத் தோல்வி என்று கணக்கில் வைக்க முடியாது. ஆகவே பள்ளி முதல்வரிடம் தேர்ச்சி எவ்வளவு என்று கேட்காதீர்கள். "என் மகனை எந்தப் பாடத்திட்டத்தில் வைக்கப் போகிறீர்கள்? பின்னால் அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடியுமா? கடந்த சில ஆண்டுகளில் அப்படி யாராவது மாறியிருக்கிறார்களா?" என்று கேளுங்கள். உங்களுக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். பத்து வயதில் இரண்டாவது பாதையில் வைக்கப்பட்ட பிள்ளை, பதினைந்து வயதில் முதல் பாதைக்குத் திரும்புவது காகிதத்தில் முடியும். நடைமுறையில் மிகக் கடினம், ஏனென்றால் இடையில் விட்டுப்போன பாடம் மலையாகக் குவிந்திருக்கும்.

மெட்ரிக் வரை போகும் சிறப்புப் பள்ளிகளும் உண்டு. காது கேளாதோர், பார்வையற்றோர் பள்ளிகள் பல இந்த வகை. அங்கே பெயர் பட்டியலில் வரும், ஆனால் விழுக்காட்டை நம்பக் கூடாது. ஓர் ஆண்டில் ஆறு பேர் எழுதி ஐவர் தேறினால் 83 விழுக்காடு. அடுத்த ஆண்டு ஐவர் எழுதி மூவர் தேறினால் 60. ஒரே ஒரு பிள்ளை தேர்வு நாளில் வலிப்பு வந்து படுத்துவிட்டால் பள்ளி இருபது விழுக்காடு "சரிந்துவிடும்". 2024இல் நாடு முழுவதற்குமான 87.3 விழுக்காட்டோடு இதை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. இன்னொன்று: காது கேளாதோருக்குச் சைகை மொழியே முதன்மொழிப் பாடமாகி, அதில் மெட்ரிக் தேர்வு முதன்முதலாக நடந்தது 2018இல்தான். 2023இல் அது நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழியும் ஆனது. 2018க்கு முந்தைய முடிவுகளையும் பிந்தையதையும் ஒரே கோட்டில் வரைந்து "முன்னேற்றம்" என்று காட்டினால், அளந்த கோலே நடுவில் மாறியிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது சராசரி மதிப்பெண். இதில்தான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள், அதிகாரிகளும் ஏமாறுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் (எண்கள் கற்பனை). ஒரு பிரிவில் 40 பிள்ளைகள், சராசரி 52. அடுத்த ஆண்டு அந்த 40 பேரும் ஆளுக்கு மூன்று மதிப்பெண் கூடுதலாக வாங்கி 55க்கு வந்துவிட்டார்கள். அதே ஆண்டில் இதுவரை எந்தப் பள்ளிக்கும் போகாத பத்துப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள், அவர்கள் சராசரி 20. மொத்தத்தைக் கூட்டி 50ஆல் வகுத்தால் 48. பழைய பிள்ளைகள் ஒருவர் விடாமல் முன்னேறியிருக்க, பள்ளியின் சராசரி நான்கு புள்ளி இறங்கியிருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. எழுதப் படிக்கத் தேறிய பிள்ளையைச் சாதாரணப் பள்ளிக்குத் திருப்பி அனுப்புவது நல்ல சிறப்புப் பள்ளியின் வேலை. அப்படி அனுப்பும்போதெல்லாம் வகுப்பின் முதல் மாணவர் போய்விடுகிறார், சராசரி விழுகிறது. யாரையும் திருப்பி அனுப்பாமல், கடுமையான குறைபாடு உள்ளவர்களைச் சேர்க்காமல் சாக்குச் சொல்லும் பள்ளியின் சராசரி அழகாக இருக்கும்.

இது ஏதோ தற்செயலும் அல்ல, அரசின் கொள்கையே இப்படித்தான். 2001இல் வந்த கல்வி வெள்ளை அறிக்கை 6, குறைவான உதவி தேவைப்படுவோருக்குச் சாதாரணப் பள்ளி, நடுத்தர உதவிக்கு முழுச்சேவைப் பள்ளி, அதிக உதவிக்குச் சிறப்புப் பள்ளி என்று வகுத்தது. பிறகு 2010 நவம்பரில் வெஸ்டர்ன் கேப் உயர் நீதிமன்றம், கடுமையான, மிகக் கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் கல்வி தராமல் ஒதுக்கியதால் அரசு அவர்களுடைய உரிமையை மீறியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. அதுவரை எந்தக் கணக்கிலும் வராத பிள்ளைகள் பள்ளிப் பதிவேட்டுக்குள் வரத் தொடங்கினார்கள். எளிதாகப் பாஸ் பண்ணக்கூடியவர்கள் வெளியே போய், அதிக உதவி தேவைப்படுவோர் உள்ளே வந்தால் மதிப்பெண் இறங்கத்தான் செய்யும்.

இனி மாணவர் கணக்கு. 240இல் 165 ஆண் என்றால் பத்துக்கு ஏழு. இது வழக்கமான விகிதம்தான். உலகெங்கும் சிறப்புப் பள்ளிகளில் ஆண் பிள்ளைகளே அதிகம். ஆட்டிசம் கண்டறியப்படும் ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் மூன்று நான்கு ஆண் பிள்ளைகள் இருக்கிறார்கள்; அறிவுசார் குறைபாட்டிலும் ஆண்கள் ஓரளவு அதிகம், டவுன் சின்ட்ரோமில் கிட்டத்தட்டச் சமம். இவ்வளவும் உறுதி. மீதி வித்தியாசத்தில் எவ்வளவு உடற்கூறு, எவ்வளவு நம் கண்ணின் கோளாறு என்பதுதான் சந்தேகத்துக்கு உரியது. வகுப்பில் நாற்காலியைத் தள்ளிவிடும் பையனுக்கு ஆசிரியர் உடனே படிவம் நிரப்புகிறார். மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளை "சாதுவான குழந்தை" என்று நான்கு ஆண்டு தள்ளப்படுகிறாள். பெண் பிள்ளையின் குறைபாட்டை வெளியே சொன்னால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு கெடும் என்று மறைக்கும் வழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயது விஷயத்தில் குழப்பமே வேண்டாம். இங்கே ஒரு கட்டத்தில் ஒரு முறைதான் ஒரு பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தலாம். கிரேட் ஆர் (முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) முதல் 3 வரை ஒரு கட்டம், 4 முதல் 6 வரை அடுத்தது. அதனால் தடுமாறும் பிள்ளை ஒரு தடவை நின்று, பிறகு தேறாமலே மேலே தள்ளப்பட்டு, அடுத்த கட்டத்தில் மறுபடி நிற்கும்போதுதான் பலருக்கும் விழிப்பு வருகிறது. அப்போது வயது பத்து, பதினொன்று. அதன்மேல் காத்திருப்புப் பட்டியல் வேறு. பள்ளியில் வயது கூடிய பிள்ளைகள் நிறைய இருப்பது, அனுப்பிய பள்ளிகள் தாமதித்ததன் அடையாளம்.

இந்தியப் பிள்ளைகள் கால்வாசிதானே என்ற தயக்கத்தை நீங்கள் நாசூக்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் பதில் சொல்ல வேண்டும். டர்பன் இருக்கும் குவாஸுலு-நட்டால் மாகாண மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கணக்கில் கால்வாசி என்பது அதிகம். இனவாரி ஆட்சிக் காலத்தில் இந்தியர் பள்ளிகளுக்குத் தனி நிர்வாகம் இருந்தது. சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் இரண்டும் இந்தியர்களை ஒதுக்கிக் குடியமர்த்திய பகுதிகள். 1994க்குப் பிறகு கதவு எல்லோருக்கும் திறந்தது. சாட்ஸ்வொர்த்தை ஒட்டி உம்லாசி இருக்கிறது, பீனிக்ஸை ஒட்டி இனாண்டாவும் குவாமாஷுவும். இவை ஆப்பிரிக்கச் சமூகத்தின் பகுதிகள்; அங்கெல்லாம் இனவாரி ஆட்சி மிகக் குறைவான சிறப்புப் பள்ளிகளையே கட்டியது. அந்தப் பிள்ளைகள் இங்கே வருவதுதான் முறை. இனத்தையும் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதையாவது முடிவு கட்டுகிறவர்களிடம் கவனமாக இருங்கள். வீட்டில் இசிஸுலு (ஜூலு மொழி) பேசும் பிள்ளைக்குப் பாடம் ஆங்கிலத்தில். எட்டு வயதில்தான் முதன்முதலாகப் பள்ளி. இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறி வர வேண்டும். இத்தனையும் "இனம்" என்ற ஒரு கட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அந்தத் தாளை வைத்து எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மொழி என்றவுடன் உங்கள் மகனின் விஷயம் வருகிறது. இதில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலைந்து தலைமுறையாக இங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் வீட்டு மொழி ஆங்கிலம்தான். தமிழ் கோயிலிலும் மாலை வகுப்பிலும் இருக்கிறது. அதனால் பெயரைப் பார்த்ததும் "இந்தியப் பிள்ளை, ஆங்கிலம் முதன்மொழி" என்று எண்ணிக்கொள்வது இங்குள்ள அலுவலர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. உங்கள் பையன் ஏழு வயது வரை தமிழிலேயே வளர்ந்தவன். சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ற இடத்தில் நீங்கள் எதை எழுதினீர்கள் என்று இப்போதே பாருங்கள். மரியாதைக்காக ஆங்கிலம் என்று எழுதியிருந்தால் திருத்துங்கள். இங்கே அதிகம் பயன்படும் அறிவுத்திறன் தேர்வுகளில் ஒன்றான எஸ்.எஸ்.ஏ.ஐ.எஸ்.-ஆர், 1990களின் தொடக்கத்தில் ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்ஸும் பேசிய இந்நாட்டுப் பிள்ளைகளை வைத்து அளவு கட்டப்பட்டது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பதில் தேடும் பிள்ளைக்கு அதன் சொல்சார்ந்த பகுதிகளில் மதிப்பு குறைந்தே வரும். ஆகவே உளவியலாளரின் அறிக்கையைக் கையில் வாங்கி மூன்று விஷயம் தேடுங்கள். தேர்வு எந்த மொழியில் நடந்தது. சொல்சார்ந்த பகுதிக்கும் சொல்சாராத பகுதிக்கும் மதிப்பு தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா. அன்றாட வாழ்க்கைத் திறன், அதாவது தானே உடுத்துவது, காசு எண்ணுவது, கடைக்குப் போய் வருவது போன்றவை தனியாக அளக்கப்பட்டனவா. 70க்குக் கீழே ஓர் எண் வந்துவிட்டது என்பதாலேயே அறிவுசார் குறைபாடு ஆகிவிடாது; அன்றாடத் திறனிலும் குறை தெரிய வேண்டும் என்பது சர்வதேச வரையறைகளில் உள்ளது. சொல்சாராத பகுதி நன்றாக இருந்து சொல்சார்ந்தது மட்டும் விழுந்திருந்தால், தமிழ் தெரிந்த ஒருவரை உடன் வைத்து மறுபடி பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. அதற்கும் முன்னால் காதும் கண்ணும். அடிக்கடி சளிப்பிடித்துக் காதுக்குள் நீர் கோத்த பிள்ளைக்கு லேசாகக் காது மந்தமாக இருந்தாலே, இரண்டாம் மொழியில் நடக்கும் பாடம் பாதி போய்விடும். அரசு மருத்துவமனையின் காது பரிசோதனைப் பிரிவில் ஒலிமானி வைத்துச் சோதித்த தாள் இல்லாமல் எந்த முடிவையும் ஏற்காதீர்கள்.

அப்படியானால் பள்ளியை எதைக் கொண்டு எடை போடுவது? என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது வருகைப் பதிவு, அதுவும் பருவவாரியாக. இரண்டாம், மூன்றாம் பருவத்தில் வருகை சரிந்திருந்தால் பெரும்பாலும் பேருந்து பழுதாகி நின்றிருக்கும், அல்லது விடுதியில் ஏதோ கோளாறு. எந்த மதிப்பெண்ணும் சொல்லாததை இது சொல்லும். அடுத்தது ஆட்கள். ஆசிரியர் பணியிடம் ஒதுக்கும்போது பிள்ளைகளைத் தலைக்கு ஒன்று என்று எண்ணுவதில்லை; 2002ஆம் ஆண்டு விதிமுறைப்படி கடுமையான அறிவுசார் குறைபாட்டுக்கு 3, பார்வையின்மைக்கும் கேளாமைக்கும் 5, ஆட்டிசத்துக்கு 6 என்று எடை உண்டு, அதாவது ஒரு பிள்ளை அத்தனை பிள்ளைகளாகக் கணக்கில் எடுக்கப்படும். எனவே "240 பேருக்கு எத்தனை ஆசிரியர்" என்று மொத்தமாகக் கேட்பதைவிட, உங்கள் மகன் உட்காரப்போகும் வகுப்பில் எத்தனை பேர், உதவியாளர் உண்டா என்று கேளுங்கள். பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியலாளர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் இன்று ஆள் இருப்பது எத்தனை என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள். "இருக்கிறது" என்ற பதில் காலிப் பணியிடத்தையும் குறிக்கலாம். மூன்றாவதாக, சென்ற ஆண்டு பள்ளியை விட்டுப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள்: சாதாரணப் பள்ளியிலா, தொழிற்கல்லூரியிலா, வேலைப் பயிற்சியிலா, மாற்றுத்திறனாளிகளுக்கான பாதுகாக்கப்பட்ட பணிக்கூடத்திலா, வீட்டிலா. இந்தக் கணக்கை வைத்திருக்கும் பள்ளி அநேகமாக நல்ல பள்ளி. வைத்திராத பள்ளி மோசம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அடுத்த கேள்விகளைக் கூர்மையாகக் கேட்க வேண்டும். தனிப்பட்ட பிள்ளைகளின் விவரத்தைத் தர மாட்டார்கள், தரவும் கூடாது; 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. மொத்த எண்ணிக்கையைக் கேட்பதற்குத் தடையில்லை.

உங்கள் பிள்ளையின் முன்னேற்றத்தை அளக்கும் தாள் வேறு: தனிநபர் ஆதரவுத் திட்டம். உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து, மதிப்பிட்டு, ஆதரவு தருவது பற்றிய 2014ஆம் ஆண்டின் சயஸ் கொள்கைப்படி, வகுப்பாசிரியர் எஸ்.என்.ஏ. 1 (ஆதரவுத் தேவை மதிப்பீடு) படிவத்தையும், பள்ளி ஆதரவுக் குழு எஸ்.என்.ஏ. 2ஐயும், மாவட்ட ஆதரவுக் குழு எஸ்.என்.ஏ. 3ஐயும் நிரப்ப வேண்டும். ஆதரவுத் திட்டம் இரண்டாவது கட்டத்திலேயே எழுதப்பட வேண்டியது. அதில் "வாசிப்பு மேம்படும்" என்று இருந்தால் அது திட்டமே அல்ல. "ஜூன் முடிவதற்குள் மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்கள் இருபதில் பதினைந்தை உதவியின்றி வாசிப்பான், வாரம் நான்கு நாள் பதினைந்து நிமிடப் பயிற்சி, பொறுப்பு இன்னார்" என்று இருந்தால்தான் ஜூனில் உட்கார்ந்து சரிபார்க்க முடியும். இப்போதைய பள்ளி இந்தப் படிவங்களை ஒழுங்காக நிரப்பியதா என்று முதலில் பாருங்கள். முதல் இரண்டு கட்டத்தையும் ஒப்புக்கு முடித்துவிட்டு மூன்றாவதுக்குத் தாவுவதை அடிக்கடி பார்க்கலாம். அப்படி நடந்திருந்தால், சாதாரணப் பள்ளியிலேயே கிடைத்திருக்க வேண்டிய உதவி அவனுக்கு இன்னும் கிடைக்கவே இல்லை என்று அர்த்தம். அருகில் முழுச்சேவைப் பள்ளி உண்டா என்று கேட்க வேண்டிய இடமும் இதுதான்.

மாவட்ட அலுவலகத்தில் சொன்னது முடிந்த முடிவு என்று எண்ண வேண்டாம். 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, சிறப்புத் தேவை உள்ள பிள்ளையை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும்போது பெற்றோரின் உரிமையையும் விருப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. சேர்க்கை மறுக்கப்பட்டால் மாகாணக் கல்வி அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் பற்றியும் எழுதியிருந்தீர்கள்: சிறப்புப் பள்ளியும் கட்டணம் வாங்கலாம், வருமானத்தைப் பொறுத்து விலக்கு உண்டு, விண்ணப்பத்தைப் பள்ளி ஆட்சிக்குழுவிடம் கொடுக்க வேண்டும். அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையான சாசா, கடும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை குடியுரிமை, நிரந்தர வசிப்புரிமை அல்லது அகதி நிலை உள்ளவர்களுக்குத்தான். வேலை விசாவில் இருந்தால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பின்னால் மகன் மெட்ரிக் பாதையில் போனால், கூடுதல் நேரம், வினாவை வாசித்துச் சொல்பவர், எழுதிக் கொடுப்பவர், தனி அறை போன்ற சலுகைகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அவை பள்ளியில் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தன என்பதற்குப் பழைய சான்று கேட்பார்கள். அதனால் எந்தப் பள்ளியில் இருந்தாலும், இப்போதிருந்தே ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரு நகலை வீட்டில் ஒரே கோப்பில் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். பள்ளி மாறும்போது முதலில் தொலைவது இந்தக் கோப்புத்தான். புதிய பள்ளியில் இடம் எழுத்தில் உறுதியாகும் வரை பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டாம். வாங்கிவிட்டு இரண்டு பருவம் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எந்தப் பள்ளியின் கணக்கிலும் வருவதில்லை.